சங்கிலிக்கு இந்தப் பக்கம் நின்ற அந்தோனியார்

1. நண்டு வேண்டாமாம்

பிரதேச சபையில் வருமானப் பரிசோதகராக வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். சோலைவரி எனப்படும் வீட்டு வரி, வியாபார உரிமக் கட்டணம், சந்தைக் குத்தகை எல்லாம் என் பொறுப்பு. நான் ஒரு வீட்டுப் படலையைத் தட்டினால் முதலில் நாய் குரைக்கும். பிறகு வீட்டுக்கார அம்மா வந்து, "அவர் வெளியில போட்டார், மிஸ்" என்பார். அந்த அவர் பின்வளவில் நின்று எட்டிப் பார்ப்பார். சேவைக்காலம் முழுவதும் எனக்குக் கிடைத்த வரவேற்பு இதுதான். அதற்காக நான் ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை. வரி எடுக்க வருபவரைக் கண்டு ஊரே சிரித்து வரவேற்கிறது என்றால், அந்த ஊரில் வரி ஒழுங்காக எடுக்கப்படவில்லை என்றுதான் நான் நினைப்பேன்.

இப்போது சபைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் கலப்புப் பொருளாதாரத்தில் வரியின் பங்கு என்று பாடமாக்கிப் பரீட்சை எழுதி வருகிறார்கள். நல்ல விசயம். நான் அந்தப் பாடத்தைப் படித்தது மன்னார்த் தீவின் வடகரையில், ஒரு மீன்பிடித் துறைக்குப் போகும் றோட்டில். ஊரின் பெயரை எழுதவில்லை. அங்குள்ளவர்கள் வாசித்தால் அவர்களுக்கே தெரியும். மற்றவர்களுக்குத் துறை என்று சொன்னால் போதும்.

பிரதான வீதியிலிருந்து துறைக்குப் போவது ஒரு மணல் பாதை. இரண்டு பக்கமும் உப்புத் தரவை, கால் புதையும் சேற்று வெளி. கோடையில் லொறி ஊர்ந்து போகும். மாரி தொடங்கினால் பாதை தண்ணீருக்குள் போய்விடும். அப்போது பிடித்த நண்டை உழவு மெஷினில் ஏற்றிப் பிரதான வீதிக்குக் கொண்டுவர வேண்டும். வந்து சேரும்போது ஐஸ் கரைந்திருக்கும், நண்டு செத்து நீர் விட்டிருக்கும். வாங்குபவர் மூக்கைச் சுளித்துக்கொண்டு பாதி விலை சொல்வார்.

இதற்கு நான் ஒரு யோசனை எழுதிக்கொண்டு போனேன். துறைக்குள் வரும் ஒவ்வொரு லொறிக்கும் ஒரு நுழைவுக் கட்டணம். அந்தக் காசில் சபை பாதைக்குக் கிறவல் மண் போட்டு ஒவ்வொரு வருடமும் திருத்தும். சட்டம் இதை வரி என்னுமா கட்டணம் என்னுமா என்று ஒரு பெரிய பேச்சு இருக்கிறது. கட்டுகிறவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

கடற்றொழிலாளர் சங்க மண்டபத்தில் கூட்டம். எல்லோருக்கும் கதிரை இருந்தது, எனக்கு மட்டும் இல்லை. நின்றபடியே சொல்லி முடித்தேன். முதலில் எழும்பியவர் திரேசாக்கா. கணவர் இறந்த பிறகு, இருந்த ஒரு படகை மருமகனை வைத்து ஓட்டி, மூன்று பிள்ளைகளைப் படிப்பித்தவர். சங்கத்தின் பொருளாளரும் அவர்தான். குரலைத் தாழ்த்திப் பேச அவருக்குத் தெரியாது.

"மிஸ், ஒரு கேள்வி. கடலில நண்டை விட்டது சபையோ?"

"இல்லை, அக்கா."

"வலை வாங்கித் தந்தது சபையோ?"

"இல்லை."

"அப்ப நண்டு ஏத்த வாற லொறிக்கு நீங்கள் என்னத்துக்குக் காசு கேக்கிறியள்?"

"லொறி கடலில ஓடேல்லை அக்கா, றோட்டில ஓடுது" என்றேன்.

சிலர் சிரித்தார்கள். திரேசாக்கா சிரிக்கவில்லை.

"லொறிக்காரன் தன்ர பொக்கற்றுக்குள்ள இருந்தோ கட்டப்போறான்? நீங்கள் அவனிட்ட எடுக்கிறதை அவன் எங்கட நண்டு விலையில கழிப்பான். சுத்திச் சுத்திக் கட்டுறது நாங்கள்தானே."

சரியான கேள்வி. சபைக் கந்தோரில் என் யோசனைக்குக் கையெழுத்து வைத்த எவரும் இதைக் கேட்கவில்லை. நானும் பதிலோடுதான் போயிருந்தேன். "ஒரு லொறி மட்டும் வந்தால் அவர் கழிப்பார். நல்ல றோட்டு இருந்து நாலைஞ்சு பேர் போட்டிக்கு வந்தால் கழிக்க ஏலாது. கழிச்சால் நீங்கள் மற்றவருக்குக் குடுப்பியள்."

"அப்ப முதல்ல றோட்டைப் போடுங்கோ. பிறகு பாப்பம்."

"காசில்லாமல் எப்பிடி அக்கா போடுறது?"

"அது சபையின்ர பாடு."

கூட்டம் அத்தோடு முடிந்தது. வெளியில் வரும்போது திரேசாக்கா ஒரு பையில் நண்டு கொண்டுவந்து நீட்டினார். நான் மறுத்துவிட்டேன். அவர் திரும்பிப் பார்த்து எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். "பாருங்கோ, காசு கேக்கிறா. நண்டு குடுத்தால் வேண்டாமாம்!"

2. மாலை போட்ட றோட்டு

அந்த மாரி பெரிய மாரி. பாதை எங்கே, தரவை எங்கே என்று தெரியாமல் போனது. சிவராத்திரி வேலைகளுக்காகத் திருக்கேதீஸ்வரம் பக்கம் நான் அலைந்துகொண்டிருந்தபோதுதான் செய்தி வந்தது. செல்வம் முதலாளி துறைக்குக் கிறவல் போடுகிறார்.

செல்வம் முதலாளி நண்டு வாங்கி நீர்கொழும்புத் தொழிற்சாலைக்கு ஏற்றுகிறவர். துறையில் அவருக்கு ஒரு வாடி, நண்டு நிறுத்து ஏற்றும் கொட்டில், இருந்தது. நண்டு கெட்டுப்போவதில் அவருக்கும் நட்டம். சபையை நம்பி இருந்தால் தன் தலை நரைத்துவிடும் என்று சொல்லி, சொந்தச் செலவில் பெக்கோ மெஷின் பிடித்து, டிப்பர் டிப்பராகக் கிறவல் கொட்டி, றோலர் ஓட்டிப் பாதையை உயர்த்திவிட்டார். நல்ல வேலை. எங்கள் ஓவசியர் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "நாங்கள் போட்டிருந்தாலும் இவ்வளவு வடிவாய் வந்திராது" என்றார்.

ஊர் தலைகால் தெரியாமல் மகிழ்ந்தது. ஒரு சதம் வரி கட்டாமல் றோட்டு வந்துவிட்டதே. பங்குக் குருவான சுவாமியை அழைத்து றோட்டை ஆசீர்வதித்தார்கள். தீர்த்தம் தெளித்து, மெழுகுதிரி கொளுத்தி, நாடா வெட்டி, முதலாளியின் பெயரில் ஒரு கல்லும் நட்டார்கள். மாலை போட்டது திரேசாக்கா. எனக்கும் அழைப்பு வந்தது. போனேன். இந்த முறை எனக்குக் கதிரை கிடைத்தது, அதுவும் முன்வரிசையில்.

திரேசாக்கா என்னிடம் வந்து குனிந்து, "பாத்தியளே மிஸ், வரி இல்லாமலும் றோட்டு வரும்" என்றார்.

"வந்தது நல்லது அக்கா. அடுத்த மாரிக்கு ஆர் திருத்துறது?"

"நல்ல நாளில ஏன் பிள்ளை அபசகுனம் கதைக்கிறீர்?"

நான் வாயை மூடிக்கொண்டு கேக் சாப்பிட்டேன். கேக் நன்றாக இருந்தது.

3. சங்கிலி

றோட்டு நல்லதென்று கேள்விப்பட்டதும் கீரி என்ற ஊர்ப் பக்கம் வாங்கிக்கொண்டிருந்த இரண்டு மூன்று லொறிக்காரர் துறைக்கு வரத் தொடங்கினார்கள். விலை சற்று ஏறியது. ஊர் இன்னும் மகிழ்ந்தது. செல்வம் முதலாளி மகிழவில்லை.

அவருடைய இடத்தில் நான் இருந்தாலும் மகிழ்ந்திருக்க மாட்டேன். காசு போட்டது அவர். அந்தக் கிறவலில் ஓடி வந்து நண்டை அள்ளிக்கொண்டு போவது மற்றவர். ஒரு நாள் காலை பார்த்தால் பாதையின் வாசலில் இரண்டு இரும்புக் கம்பம் நட்டு, நடுவில் கழுத்தளவு உயரத்தில் தடித்த சங்கிலி கட்டிப் பூட்டுப் போட்டிருந்தார். பக்கத்தில் ஒரு காவல்காரர். ஆட்கள் குனிந்து போகலாம், சைக்கிளை உருட்டிக் கொண்டுபோகலாம். லொறி என்றால் முதலாளியின் லொறி மட்டும்.

வெளி லொறிகள் நின்றுபோயின. பிறகு முதலாளி விலையைக் குறைத்தார். கேட்டவர்களுக்கு ஒளிக்காமல் சொன்னார். "றோட்டுக்குப் போட்ட காசை நான் எடுக்கத்தானே வேணும்."

ஒவ்வொரு கிலோவிலும் அவர் கழித்தார். நான் லொறிக்குக் கேட்ட கட்டணத்தைப் படகுகளுக்குப் பிரித்துப் பார்த்தால் அது இந்தக் கழிவுக்குக் கிட்டவும் வராது. என் மேசையில் இருந்து அதைக் கணக்குப் பார்த்தபோது எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு கோபம் வந்தது. அவரும் வரிதான் எடுத்துக்கொண்டிருந்தார். என்னுடைய வரி என்றால் கூட்டம் போட்டு என்னை நிற்க வைத்துக் கேள்வி கேட்கலாம். அடுத்த தேர்தலில் எங்கள் சபைத் தலைவரான தவிசாளரை வீட்டுக்கு அனுப்பலாம். முதலாளியின் வரியை எந்தக் கூட்டத்தில் கேட்பது?

ஒரு நாள் திரேசாக்கா கந்தோருக்கு வந்தார். அவர் கந்தோருக்கு வந்தது அதுதான் முதல் தடவை. இரண்டு நாளுக்கு முன் தன் நண்டைச் சைக்கிளில் பிரதான வீதிக்குக் கொண்டுபோய் வேறு லொறிக்கு விற்றிருக்கிறார். அடுத்த நாள் முதலாளியின் ஆட்கள் அவருடைய நண்டை நிறுக்கவே இல்லை.

"முழு நண்டும் வெயிலில கிடந்து செத்துப் போட்டுது, பிள்ளை" என்றார். குரல் முதல் தடவையாகத் தாழ்ந்திருந்தது. "இப்பிடியே போனால் படகை விக்கிறதைத் தவிர எனக்கு வழியில்லை. அந்தச் சங்கிலியைக் கழட்டச் சொல்லி ஒரு கடிதம் எழுதுங்கோ. அது சபையின்ர நிலம்தானே?"

அது சபைக்கு ஒதுக்கிய பாதைதான். கடிதம் எழுத எனக்கு அரை மணித்தியாலம் போதும். ஆனால் எழுதிய பிறகு என்ன? முதலாளி கோபத்தில் பாதையைக் கைவிடுவார். அடுத்த மாரியில் கிறவல் கழுவுண்டு போகும். சபையிடம் ஒரு டிப்பர் மண்ணுக்குக் காசில்லை. சட்டம் கையில் இருந்தும் பெட்டியில் காசு இல்லாத சபைக்கு வாய் மட்டும்தான் மிச்சம். நான் அதை அவரிடம் அப்படியே சொன்னேன்.

"சங்கிலியைக் கழட்டுறது லேசு அக்கா. றோட்டை வைச்சிருக்கிறதுதான் கஷ்டம். அதுக்கு ஊர் கட்டச் சம்மதிக்கோணும். லொறியும் கட்டோணும், படகும் கொஞ்சம் கட்டோணும்."

"மாலை போட்ட கையால அந்த மனிசனுக்கு எதிராய் எப்பிடிப் பிள்ளை கை தூக்கிறது? சுவாமி ஆசீர்வதிச்ச றோட்டு. ஊர் ஒப்புக்கொள்ளாது."

அவர் எழுந்து போனார். சிக்கல் அங்கேதான் இருந்தது. ஒரு வியாபாரியின் முதலீட்டை ஊர் நேர்த்திக்கடன் மாதிரி நினைத்து, தீர்த்தம் தெளித்து வாங்கிவிட்டது. முதலீடு என்றால் பேரம் பேசலாம். ஆசீர்வதித்ததோடு எப்படிப் பேரம் பேசுவது? அதோடு முதலாளி படகுக்காரரில் பாதிப்பேருக்கு முற்பணமும் கொடுத்திருந்தார். எல்லோரும் வாயை மூடிக்கொண்டு நண்டைக் குறைந்த விலைக்குக் கொடுத்தார்கள். அடுத்த நண்டுக் காலத்துக்குள் பாதை திறக்காவிட்டால் திரேசாக்காவின் படகு போய்விடும். எனக்கு அது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

4. திருநாள்

ஆனியில் அந்தோனியார் திருநாள். அந்த ஊரில் திருநாள் பூசை முடிந்ததும் அந்தோனியாரின் சிலையான சுருவத்தை மரக்கூட்டில் வைத்து, தோளில் சுமந்து, துறைக்குக் கொண்டுபோவார்கள். அங்கே சுவாமி கடலை ஆசீர்வதிப்பார். படகெல்லாம் கொடி கட்டி வரிசையாக நிற்கும். ஆசீர் முடியாமல் நண்டுக் காலத்துக்கு யாரும் வலை இறக்குவதில்லை. நான் இந்துப் பெண், வெள்ளாங்குளத்துப் பக்கம் வயல்காரரின் மகள். ஆனாலும் அந்தத் திருநாளுக்குப் போகாமல் விட்டதில்லை.

பான்ட் வாத்தியம் முன்னால், பிள்ளைகள் வெள்ளை உடுப்பில், பிறகு சுருவக்கூடு, பிறகு சனம். தென்மேற்குக் கச்சான் காற்று குடைகளைத் திருப்பியது. பாதையின் வாசலுக்கு வந்ததும் வாத்தியம் நின்றது.

சங்கிலி பூட்டியிருந்தது.

காவல்காரர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். "பூட்டுத் திறப்பு முதலாளியிட்ட, சுவாமி. அவர் நீர்கொழும்புக்குப் போட்டார். போனும் எடுக்கிறார் இல்லை."

முதலாளி வேண்டுமென்று செய்யவில்லை. திருநாளை மறந்துவிட்டார், அவ்வளவுதான். சங்கிலி போட்டபோது லொறியைத்தான் நினைத்தார், அந்தோனியாரை நினைக்கவில்லை. றோட்டை ஆசீர்வதித்தபோது ஊர் றோட்டை மட்டும் நினைத்தது, இந்தப் பவனியை நினைக்கவில்லை. ஆட்கள் குனிந்து போகலாம். நாலு பேர் தோளில் இருக்கிற கூடு எப்படிக் குனிவது? இரண்டு பக்கமும் தரவைச் சேறு.

இளந்தாரிகள் சங்கிலியை உடைக்க அலவாங்கு எடுத்துக்கொண்டு வந்தார்கள். நான் முன்னால் போய் நின்றேன்.

"உடைக்க வேண்டாம். உடைச்சால் நாளைக்குப் பொலிஸில நிக்கிறது நீங்கள். நாளையண்டைக்குப் புதுச் சங்கிலி வரும்."

"அப்ப என்ன செய்யச் சொல்லுறியள், மிஸ்?" ஒருவன் கத்தினான்.

யாரோ ஒரு பெரியவர், சுருவத்தைக் கூட்டிலிருந்து இறக்கி, சங்கிலிக்குக் கீழால் மெல்ல எடுத்து அந்தப் பக்கம் திரும்ப வைக்கலாமே என்றார். இரண்டு பேர் அதற்கு ஆயத்தமாகிக் கையை நீட்டியும் விட்டார்கள்.

"எடுங்கோ கையை!"

திரேசாக்காவின் பழைய குரல் திரும்பி வந்துவிட்டது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னுக்கு வந்தார்.

"நாங்கள் குனிஞ்சம். ஒவ்வொரு நாளும் குனிஞ்சு குனிஞ்சு போனம். அந்தோனியாரையும் குனிய வைக்கப் போறியளோ?"

நீட்டிய கைகள் பின்வாங்கின. சுவாமி அங்கேயே நின்று, தூரத்தில் தெரிந்த கடலை நோக்கிக் கையை உயர்த்தி ஆசீர்வதித்தார். கொடி கட்டின படகுகளில் காத்திருந்தவர்களுக்கு அந்தச் செபத்தின் ஒரு சொல்லும் கேட்டிருக்காது. கூடு திரும்பியது. திரும்பிப் போகும்போது வாத்தியக்காரர் வாசிக்கவில்லை. அந்த நடையை நினைத்தால் இப்போதும் எனக்கு மனம் கனக்கும்.

கோவில் வளவில் கூட்டை இறக்கி வைத்த கையோடு, வேப்பமரத்தடியில் சங்கக் கூட்டம் கூடியது. அழைப்பு இல்லை, அறிவித்தல் இல்லை. திரேசாக்கா மேடையில் கிடந்த கதிரை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து எனக்கு முன்னால் வைத்தார்.

"இருங்கோ, மிஸ். அண்டைக்குச் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்கோ."

சொன்னேன். இந்த முறை, லொறியோடு படகும் கொஞ்சம் கட்ட வேண்டும் என்றேன். இன்னொன்றையும் சேர்த்தேன். "செல்வம் முதலாளி போட்ட கிறவல் காசு அவருக்குப் போய்ச் சேரவேணும். அதைக் குடுக்காமல் றோட்டை எடுக்கிறது களவு. அதுக்கு நான் உடன்பட மாட்டன்."

முணுமுணுப்பு எழுந்தது. அவர் எடுத்த கழிவு போதாதா என்று ஒருவர் கேட்டார். திரேசாக்கா அவரை அடக்கினார். "குடுப்பம். ஒருத்தன்ர காசில நாங்கள் நடக்க வேண்டாம். நாங்கள் எங்கட காசிலயே நடப்பம்."

கை தூக்கச் சொன்னார்கள். முற்பணம் வாங்கியவர்கள் முதலில் நிலத்தைப் பார்த்தார்கள். பிறகு அவர்களுடைய கைகளும் ஒவ்வொன்றாக உயர்ந்தன. வரி கட்டுகிறோம் என்று ஒரு ஊர் கை தூக்கியதை நான் என் கண்ணால் பார்த்தேன். என்னோடு வேலை செய்த எவருக்கும் அப்படி ஒரு காட்சி கிடைத்ததில்லை.

5. வாடியில் ஒரு பேரம்

செல்வம் முதலாளி ஊருக்கு வந்ததும் அவருடைய வாடிக்குப் போனேன். திருநாள் விசயம் அவருக்குத் தெரிந்திருந்தது. முகம் வெளிறிப் போயிருந்தது.

"மிஸ், சத்தியமாய் நான் மறந்து போனன். சுவாமியிட்டப் போய் மன்னிப்புக் கேட்டுட்டன்."

"அது முடிஞ்ச கதை. நான் வந்தது சங்கிலிக்கு."

"சங்கிலியை ஏன் நான் கழட்டோணும்? சபை ஒரு கூடை மண்ணாவது போட்டதோ? நான் போட்டனான். என்ர காசில போட்ட றோட்டை ஏன் மற்றவனுக்குச் சும்மா விடோணும்?"

"சும்மா விட வேண்டாம். நீங்கள் கேக்கிறது நியாயம்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். வரிக்காரி நியாயம் என்று சொல்வாள் என அவர் எதிர்பார்க்கவில்லை.

"உங்கட செலவுக் கணக்கை எங்கட தொழில்நுட்ப உத்தியோகத்தர் பாத்து மதிப்புப் போடுவார். அந்தக் காசு தீருமட்டும் உங்கட லொறிக்குக் கட்டணம் இல்லை. மற்ற லொறி எல்லாம் கட்டும். றோட்டுத் திருத்துறது இனிச் சபையின்ர வேலை, உங்கட தலையிடி இல்லை."

"மற்ற லொறி வந்தால் என்ர நண்டு போயிடும்."

"இப்ப உங்களுக்கு வாறது இந்த ஒரு துறை நண்டு. வழி திறந்தால் பக்கத்துத் துறைக்காரரும் இங்க கொண்டுவந்து இறக்குவினம். விலையைக் குடுத்து வாங்கினால் உங்களுக்கும் கூடத்தான் வரும். நல்ல வியாபாரிக்குச் சங்கிலி தேவையில்லை, முதலாளி."

அவர் தாடியைச் சொறிந்தார். "சபை சொன்ன சொல்லைக் காப்பாத்துமோ? தவிசாளர் மாறினால்?"

"சபைத் தீர்மானமாய் எழுதி எடுப்பன். அதுக்குப் பிறகும் ஆரும் மாத்த வந்தால் முதலில என்னைக் கேக்கட்டும்."

"என்ர பேர் போட்ட கல்லு?"

"அது அங்கயே நிக்கும்."

கல்லு நிற்கும் என்றதும்தான் அவருடைய முகம் தெளிந்தது. திறப்பை எடுத்து மேசையில் வைத்தார். அந்தச் சங்கிலியைத் திரேசாக்கா கேட்டு வாங்கிக்கொண்டார். அது இன்றைக்கும் அவருடைய படகின் நங்கூரத்தில் இருக்கிறது.

6. இரண்டாவது சண்டை

ஊரோடு போட்ட சண்டையைவிடக் கந்தோருக்குள் போட்டது கடினம். தீர்மானம் நிறைவேறி, லொறிகள் வந்து, லொறியிடமும் படகிடமும் கட்டணம் சேரத் தொடங்கியதும், தவிசாளருக்கு அந்தக் காசு கண்ணில் பட்டது. சபை ஊழியருக்கு மேலதிக நேரக் கொடுப்பனவு நிலுவை இருந்தது.

"மிஸ், சபைக் காசு எல்லாம் ஒரு பெட்டிக்குள்ளதானே. இந்த மாதம் இதில எடுத்துச் சமாளிப்பம்."

"துறைக் காசு றோட்டுக்கு எண்டு ஊருக்குச் சொன்னது நான், சேர்."

"சொன்னால் என்ன? அடுத்த வருசம் போடுவம்."

"அப்ப நாளைக்கு நீங்கள் போய் லொறியை மறிச்சுக் காசு வாங்குங்கோ. நான் போகமாட்டன்."

அறையில் இருந்த செயலாளர் பேனையைக் கீழே வைத்தார். தவிசாளர் கெட்ட மனிதர் இல்லை. அவருக்கும் சம்பளக்காரரின் முகத்தைப் பார்க்க வேண்டும். எல்லா வரியும் வாங்கின இடத்திலேயே செலவாக வேண்டும் என்று நானும் சொல்ல மாட்டேன். அப்படியென்றால் லொறி வராத ஊருக்குப் பள்ளிக்கூட வழி எப்படி வரும்? ஆனால் புதிதாகக் கட்டத் தொடங்கிய ஊருக்கு, தன் காசு எங்கே போனது என்று முதலில் கண்ணால் காட்ட வேண்டும். கண்ணால் கண்ட பிறகுதான் காணாத இடத்துக்கும் மனமாரக் கொடுப்பார்கள். இதை அவருக்கு விளக்கினேன். கடைசியில் துறை வீதிக்குத் தனிக் கணக்குத் தலைப்பு ஒன்று திறக்கச் சொன்னார்.

மாரி வந்தது. ஒரு இடத்தில் கிறவல் கழுவுண்டு போனது. அந்தக் கிழமைக்குள் எங்கள் டிப்பர் அங்கே நின்றது. திரேசாக்கா குடையோடு வந்து நின்று, மண் கொட்டி முடியுமட்டும் அசையாமல் பார்த்தார். அந்தப் பருவம் வெளி லொறிகள் போட்டி போட்டு விலை கூட்டின. திரேசாக்கா படகை விற்கவில்லை. செல்வம் முதலாளி வாடியைப் பெருப்பித்தார்.

7. கிடங்கு

அடுத்த ஆனியில் மறுபடியும் திருநாள். பான்ட் வாத்தியம், வெள்ளை உடுப்புப் பிள்ளைகள், சுருவக்கூடு. அந்த இரண்டு கம்பங்களும் இன்னும் அங்கேயே நின்றன. கூடு அவற்றுக்குக் கிட்ட வந்ததும் சுமந்தவர்களின் கால் தானாகவே ஒரு கணம் தயங்கியது. பிறகு நடுவால் நடந்து போனார்கள். நான் இந்துக் கும்பிடு போட்டேன். கண் கலங்கிவிட்டது. ஒளிக்க என்ன இருக்கிறது? அந்த றோட்டு என்னுடைய றோட்டு என்று அன்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

முதலாளியின் லொறியும் மற்றவர்களின் லொறிகளும் ஓரமாக ஒதுங்கி நின்றன. முதலாளி தன் கல்லுக்குப் பக்கத்தில் புதுச் சாரத்தோடு நின்றார். கூடு துறைக்கு இறங்கும் இடத்துக்கு வந்தபோது, முன்னால் சுமந்தவனின் கால் கிறவல் குழிந்த ஒரு கிடங்குக்குள் இறங்கியது. கூடு சரிந்து, சனம் "ஐயோ அந்தோனியாரே" என்று கத்தி, நாலு பேர் தாங்கிப் பிடித்து நிமிர்த்தினார்கள். சுருவத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

சுவாமி செபத்தைத் தொடரப் பார்த்தார். அதற்குள் கூட்டத்தின் நடுவிலிருந்து அந்தக் குரல் எழும்பியது.

"மிஸ்! எங்க நிக்கிறியள்? இந்தக் கிடங்கை ஏன் இன்னும் அடைக்கேல்லை? நாங்கள் காசு கட்டுறனாங்களல்லோ!"

சனம் சிரித்தது. சுவாமியும் சிரித்தார். எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. வேறு யாராவது என்றால் வெட்கப்பட்டிருப்பார்கள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். இதே அக்காதான் சங்க மண்டபத்தில் என்னை நிற்க வைத்து, என்னத்துக்குக் காசு கேக்கிறியள் என்று கேட்டவர். இப்போது ஊருக்கு முன்னால் கட்டுறனாங்கள் என்கிறார். செல்வம் முதலாளியின் றோட்டில் கிடங்கு விழுந்தபோது திரேசாக்கா இப்படிக் கத்தியதில்லை. தான் மாலை போட்ட மனிதரிடம் எப்படிக் கத்துவது?

புதிதாக இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். சனம் உங்களைக் கும்பிட்டால் சந்தேகப்படுங்கள். கட்டின காசுக்குக் கணக்குக் கேட்டு உங்களை ஏசினால், நீங்கள் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறீர்கள். சந்தையில் நண்டுக்கு விலை வைப்பது வியாபாரி. அந்தச் சந்தைக்கு எல்லோரும் போய்ச் சேர வழி வைப்பது வரி. அந்த வழியில் கிடங்கு விழுந்தால் கத்துகிற உரிமையும் வரியோடு சேர்ந்துதான் வருகிறது.

"திங்கக்கிழமை அடைப்பம், அக்கா!" என்று நானும் கத்தினேன்.

சுவாமி கடலை ஆசீர்வதித்தார். திங்கட்கிழமை காலை கிறவல் வந்தது. திரேசாக்கா எனக்கு முன்னமே அந்தக் கிடங்கடியில் வந்து நின்றார்.